ஈரத் தலையோடு வந்த நைனா

மார்கழிப் பனி இறங்கிக்கொண்டிருந்தது. விளக்கு வைக்கிற நேரம். எங்கள் வீட்டு வாசலில் என் தகப்பனார், நைனா, நிற்கிறார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. உடம்பு வெடவெடவென்று ஆடுகிறது. உள்ளே வரவில்லை.

"வருதா?" என்று அம்மாவைக் கேட்கிறார், சின்னக் குரலில்.

அம்மா அவர் தோளருகே மூக்கைக் கொண்டுபோய்ப் பார்க்கிறாள். பிறகு கையை எடுத்து முகர்கிறாள்.

"கம்மியாத்தான் வருது."

"கம்மின்னா?"

"கிட்டப் போனாத்தான்."

"அப்போ கிட்டப் போவல" என்று சொல்லிவிட்டு, நைனா வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார்.

நான் உள்ளே, பாயில், சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். அவர்கள் பேசியது ஒவ்வொரு சொல்லும் காதில் விழுந்தது. ஆனால் அது என்னைப் பற்றிய பேச்சு என்று எனக்குத் தெரியவில்லை.

எழுந்திருக்காத வாத்தியார்

இந்தத் தொடரில் இதுவரை பள்ளிக்கூடம், பரீட்சை, முதல் வேலை என்று கொஞ்சம் தலை நிமிர்ந்தே எழுதிவந்தேன். எங்கள் வம்சத்தில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்புத் தொழிலாளி முனிசாமியின் மகன் வாத்தியாரானது எங்கள் தெருவுக்கே பெருமை. அதைப் படித்துப் பாராட்டிய வாசகர்களுக்கு வந்தனம். இந்த வாரம் எழுதப்போவது அதே வாத்தியார் பாயை விட்டு எழுந்திருக்க முடியாமல் கிடந்த கதை. சந்தோஷமாக ஏதாவது எழுதேன் என்று நண்பர் ஒருவர் சொன்னார். இதை எழுதாமல் தாண்டிப் போனால், மற்றதெல்லாம் பாதிப் பொய்யாகிவிடும் என்று தோன்றுகிறது.

வேலையில் சேர்ந்து இரண்டாம் மழைக்காலம். வகுப்பில் கரும்பலகையில் பாட்டெழுதிக்கொண்டிருந்தேன். முதல் வரி எழுதினேன். இரண்டாம் வரி மனதில் இருக்கிறது, சுண்ணக்கட்டி கையில் இருக்கிறது. கை மேலே போகவில்லை. பிள்ளைகள் முதலில் காத்திருந்தார்கள், பிறகு சிரித்தார்கள், பிறகு சிரிப்பு அடங்கிப்போயிற்று. அடங்கியபின் வந்த அமைதிதான் எனக்குப் பயமாக இருந்தது.

தலைமை ஆசிரியர் நல்ல மனிதர். "உடம்பைப் பார்த்துக்கொண்டு வாரும்" என்று வீட்டுக்கு அனுப்பினார். உடம்பில் ஒன்றும் இல்லை. அதுதான் வினை.

தோல் ஷாப்பைப் பார்த்தவர்களுக்கு ஒன்று சொன்னால் புரியும். பச்சைத் தோலைச் சுண்ணாம்புக் குழியில் போட்டு வைப்பார்கள். கொஞ்ச நாளில் மயிரெல்லாம் பிடிப்பு விட்டுப்போகும். பிடுங்க வேண்டாம், தள்ளினால் போதும். எனக்குள் இருந்த ஆசைகள் அப்படித்தான் கழன்றன. படிக்கிற ஆசை, பேசுகிற ஆசை, பசி. எதையும் யாரும் பிடுங்கவில்லை. துக்கம் என்று கூடச் சொல்ல மாட்டேன். துக்கம் வந்தால் அழலாம். எனக்கு அழுகையும் வரவில்லை. நான் இல்லாமல் இருந்தால் வீட்டில் ஒரு பாய் இடம் மிச்சமாகுமே என்று, கூட்டல் கணக்குப் போடுவது போல, உணர்ச்சியே இல்லாமல் நினைத்துக்கொள்வேன்.

அம்மா சோறு வைப்பாள். ஒரு வாய் மெல்வேன். வாயில் சோறு இருக்கிறது என்று தெரியும், அவ்வளவுதான். தட்டை நகர்த்திவிடுவேன்.

ஆளுக்கொரு மருந்து

எங்கள் தெருவில் யாருக்கு எது வந்தாலும் அது எல்லாருக்கும் வந்த மாதிரி. ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்தார்கள்.

"படிப்பு தலைக்கு ஏறிடுச்சு" என்றார்கள். "நம்ப மண்டைக்கு அவ்ளோ தாங்காதுமா. கொஞ்சமா படிக்க வெச்சிருக்கணும்."

"எவளையோ பார்த்துட்டு வந்திருக்கான், வேலூர்ல படிக்கிறப்போ."

"வேலை செய்ய வணங்கல. நாலு நாள் ஷாப்புல பட்டை இடிக்க அனுப்பு, தானா எழுந்துக்குவான்."

நைனாவின் மேஸ்திரி காதர் பாய் மட்டும் வீட்டுக்குள் வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தை உற்றுப் பார்த்தார். "அரே, கண்ணு ரெண்டும் வெளக்கு அணைச்ச ஊடு மாதிரி கீதே" என்றார். தர்காவில் ஓதிய தண்ணீரைச் சொம்பில் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன். அம்மா எல்லையம்மன் கோயிலிலிருந்து வேப்பிலை கொண்டுவந்து என்மேல் அடித்தாள். நின்றேன். நைனா வேலூருக்கு நடந்தும் வண்டியிலுமாகப் போய், லாங் பஜாரில் ஒரு மருந்துக்கடையில் சொல்லி, கறுப்பு டானிக் ஒரு புட்டி வாங்கிவந்தார். அதையும் குடித்தேன். அது கசப்பு என்று எல்லாரும் சொன்னார்கள்.

யார்மேலும் எனக்குக் கோபம் இல்லை. கையில் இருப்பதைத்தானே யாரும் கொடுக்க முடியும். ஆனால் ஒவ்வொரு மருந்துக்குப் பிறகும் எல்லாரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்காகவாவது தேறிவிட வேண்டும் என்று நினைப்பேன். முடியாது. அடுத்த தடவை அவர்கள் பார்வையில் கொஞ்சம் சலிப்பு சேர்ந்திருக்கும்.

"இன்னா கொறை உனக்கு?" என்று அம்மா ஒருநாள் கேட்டுவிட்டாள். "வெயில்ல நிக்கிறியா? குழியில இறங்குறியா? வெள்ளச் சட்ட போட்டுக்கினு நாற்காலில குந்துற வேலை. அப்பிடி இன்னாடா கொறை?"

எனக்கும் அதுதான் கேள்வி.

நைனா மட்டும் எதுவும் கேட்கவில்லை. அவருக்குக் காரணம் தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டார்.

விடுதி வேப்பமரம்

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நான் வேலூரில் விடுதியில் தங்கிப் படித்த காலம். நைனா எப்போதாவது ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்க வருவார். மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலையில் பிடித்த உருண்டை, அவித்த கிழங்கு, ஏதாவது துண்டில் முடிந்திருக்கும். குளித்துவிட்டுத்தான் வருவார். ஆனால் தோல் வாசனை தண்ணீரோடு போகிற வாசனை இல்லை. சுண்ணாம்பும் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் மீனெண்ணெயும் சேர்ந்து, தோலுக்குள் மட்டுமல்ல, அதைத் தொடுகிற மனிதருக்குள்ளும் இறங்கிவிடும். விரல் நுனியும் நகமும் பட்டைச் சாற்றில் ஊறிப் பழுப்பேறிப் போயிருக்கும்.

விடுதியில் மற்றப் பையன்களின் தகப்பன்மார் கூடத்தில் பெஞ்சில் உட்காருவார்கள். நைனா முதல் தடவை வந்தபோது விடுதிக் காவலர் மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டு, "ஆம்பூர் ஷாப்பா? அந்த மரத்தாண்ட நில்லு, பையனை அனுப்புறேன்" என்றார். கேட்டுக்கு வெளியே ஒரு வேப்பமரம்.

அதற்குப் பிறகு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நைனாவே நேராக மரத்தடிக்குப் போய்விடுவார். நான் ஓடிப்போய் அவர் பக்கத்தில் நின்று கிழங்கு தின்பேன். "காத்து இந்தப் பக்கம் அடிக்குது, நீ அந்தாண்ட நில்லு. சட்டையில ஏறிக்கும்" என்பார். நான் சிரிப்பேன். அவரும் சிரிப்பார். எனக்கு அது ஒரு விளையாட்டு மாதிரி. அவருக்கு அது விளையாட்டாக இல்லை என்பது வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது.

கத்தி கைமாறியது

நான் படுத்த பிறகு நைனா செய்ததில் பாதி கண்ணெதிரேதான் நடந்தது, மீதி பிறகு அம்மா சொன்னது. பார்க்கிற சக்திதான் இல்லை.

முதலில் வேலை முடிந்ததும் பாலாற்றில் மணல் தோண்டி ஊற்று பறித்து, குளித்துவிட்டு வர ஆரம்பித்தார். பிறகு ஷாப்பு வேட்டியை வெளியிலேயே ஒரு மரப்பொந்தில் வைத்துவிட்டு வேறு வேட்டியில் வந்தார். சீயக்காய் போதவில்லை என்று அரப்பு. அரப்பு போதவில்லை என்று எலுமிச்சை மூடி. அம்மாவை முகரச் சொல்வார். அவள் சொல்கிற பதிலைப் பொறுத்து உள்ளே வருவார், அல்லது பின்பக்கமே சாப்பிட்டுப் படுத்துக்கொள்வார். கடைசியில் உள்ளே வருவதையே விட்டுவிட்டார்.

அப்படியும் நான் எழுந்திருக்கவில்லை. ஒருநாள் அவர் தம் கத்தியைக் கொடுத்துவிட்டார்.

அதைச் சொன்னால்தான் மற்றது புரியும். தோலின் உள்பக்கச் சதையை வழிக்க, இரண்டு முனையிலும் பிடி வைத்த வளைந்த கத்தி ஒன்று உண்டு. ஷாப்பில் குழியும் தொட்டியும் முதலாளியுடையவை. கத்தி மட்டும் அவரவருடையது. பிடியில் சுற்றிய துணி அவரவர் கைப்பிடிக்கு ஏற்பப் பதிந்திருக்கும். ஒருவர் கத்தியை இன்னொருவர் தொட மாட்டார்கள். கத்தியைக் கொடுத்தால், அந்த ஆள் இனிமேல் ஷாப்புக்கு வரமாட்டான் என்று அர்த்தம்.

நைனா அதைக் காதர் பாய் கையில் கொடுத்துவிட்டு, மலையடிவாரத்திலிருந்து ஆவாரம்பட்டைக் கட்டு சுமக்கிற வேலைக்குப் போய்விட்டார். பட்டைக்குத் துர்நாற்றம் கிடையாது. ஆனால் அது வாலிபர்கள் செய்கிற வேலை. அவர் வயதுக்காரர்கள் யாரும் அந்தச் சுமை தூக்குவதில்லை. தோளில் காய்ப்பு உடைந்து ரத்தம் வந்தது என்று அம்மா எண்ணெய் தடவிக்கொண்டே யாரிடமோ சொன்னதும் என் காதில் விழுந்தது. விழுந்தது, அவ்வளவுதான்.

மாதனூர் அத்தை

மாதனூரிலிருந்து அத்தை வந்தாள். நைனாவின் தங்கை. அவள் வந்தால் தெருவில் நாய்கூட ஒதுங்கி நிற்கும் என்று நைனாவே கேலி செய்வார்.

வந்தவள் நேராக என் பாயருகே வந்து நின்றாள்.

"இன்னா வாத்தியாரே, இன்னும் எழுந்துக்கலியா? வெள்ளக்கார மூக்கு இன்னும் சரியாவலியா?"

நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"எங்க அண்ணன் பொணம் மாதிரி பட்டை தூக்கினு வர்றான். தோளப் பார்த்தியா நீ? அப்பன் மேல நாத்தம் அடிக்குதுன்னு சோறு எறங்கலியாமே உனக்கு. அந்த நாத்தம் தாண்டா உனக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுத்துச்சு."

"யாரு சொன்னாங்க?" என்றேன். பல நாளாகப் பேசாத குரல், எனக்கே வேறு யாரோ பேசுகிற மாதிரி கேட்டது.

"எது?"

"நாத்தம்னு."

"உங்க நைனாதான். 'அவன் படிச்ச புள்ள, வேலூர்ல சுத்தமா இருந்து பழகினவன், திரும்பி வந்து இந்த நாத்தத்துல கெடக்க முடியல, வாய் தொறந்து சொல்லவும் மனசில்ல, அதான் உள்ளுக்குள்ளயே புழுங்குறான்'னு எங்கிட்ட சொல்லி அழுவுறான். கத்தியக் குடுத்துட்டான்டா. இனிமே எந்தக் கையில அவன் கத்தி பிடிப்பான்?"

அத்தை இன்னும் ஏதேதோ சொன்னாள். நான் மூச்சை இழுத்துப் பார்த்தேன். அம்மா அடுப்பில் கருவாடு வாட்டிக்கொண்டிருந்தாள், புகை கண்ணை எரித்தது. வாசனை இல்லை. மறுபடி இழுத்தேன். எதுவும் இல்லை. எப்போதிலிருந்து இப்படி என்று யோசித்தேன். தெரியவில்லை. மூக்கடைப்பு, சளி, எதுவும் இல்லை. ஆசைகள் போன வழியிலேயே வாசனையும் போயிருக்கிறது. அது போனதைக் கவனிக்கிற ஆளும் கூடவே போயிருக்கிறான்.

ஊற்றங்கரையில்

உடனே எழுந்து ஓடினேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. சொல்ல வேண்டும் என்று தெரிந்தும் எழுந்திருக்க நாட்கள் ஆயின. வேட்டியைக் கட்டவே ஒருநாள் முழுக்கத் தைரியம் சேர்க்க வேண்டியிருந்தது. இது தெரியாதவர்களுக்கு வேடிக்கை. தெரிந்தவர்களுக்கு நான் மேலே சொல்ல வேண்டியதில்லை.

ஒரு சாயங்காலம் ஆற்றுக்குப் போய்விட்டேன். நைனா ஊற்றருகே குந்தியிருந்தார். பட்டைதான் சுமக்கிறார், அப்படியும் குளிக்கிறார். செங்கல் துண்டு ஒன்றால் விரல்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பல வருஷத்துப் பழுப்பு. அது போகாமல் தோல்தான் போய்க்கொண்டிருந்தது.

என்னைப் பார்த்ததும் துண்டை எடுத்து மார்பை மூடிக்கொண்டார்.

"இங்க எதுக்கு வந்தே? குளிச்சிட்டுத்தானே வர்றேன்."

"நைனா, எனக்கு நாத்தம் தெரியல."

"ஆங். அதான் பட்டை வேலைக்கு மாறிட்டேனே. இனிமே வராது. நீ ஊட்டுக்குப் போ, பனி எறங்குது."

"முன்னாடியும் தெரியல. உன் மேல மட்டும் இல்ல. அம்மா கருவாடு வாட்டுனா தெரியல. மல்லாட்டை வறுத்தா தெரியல. சோத்துல ருசி தெரியல. எதுவுமே தெரியல நைனா."

அவர் கை நின்றுவிட்டது.

"அப்போ... என்னால இல்லியா?"

"இல்ல."

"மெய்யாவா?"

"மெய்யா."

அவர் முகம் மலரும் என்று நினைத்துத்தான் அத்தனை தூரம் நடந்து வந்திருந்தேன். மலரவில்லை. செங்கல் துண்டை மணலில் வைத்தார். அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாத்தமா இருந்தா கழுவிடலாம்னு இருந்தேன்டா" என்றார்.

ஆற்றில் தண்ணீர் இல்லை. ஊற்றில் மட்டும் கலங்கலாகக் கொஞ்சம். தூரத்தில் ஷாப்புக்காரர்கள் வேலை விட்டுப் போகிற பேச்சுச் சத்தம் கேட்டது.

"எங்க வலிக்குது உனக்கு?"

"வலிக்கல. வலிச்சா தேவல."

"இப்போ நான் இன்னாதான் பண்றது?"

"தெரியல நைனா."

அவர் தலையாட்டினார். அதுவரை என்னிடம் யாரும் அந்தக் கேள்வியைப் பதில் தெரியாமல் கேட்டதில்லை. எல்லாரும் கையில் ஒரு மருந்தை வைத்துக்கொண்டே கேட்டார்கள். நைனா வெறுங்கையோடு இருந்தார். அந்தக் கையும் தேய்த்துத் தேய்த்துச் சிவந்துபோயிருந்தது.

இருட்டுகிற வரை இருவரும் மணலில் உட்கார்ந்திருந்தோம். அவர் தள்ளி உட்காரவில்லை.

திரும்பி வந்த வாசனை

கத்தியைத் திரும்பக் கேட்க நைனாவுக்கு வெட்கம். கொடுத்த கத்தியைக் கேட்கிற வழக்கம் ஷாப்பில் இல்லை. காதர் பாய் அதை யாருக்கும் கொடுக்காமல் தம் பெட்டிக்கடியில் வைத்திருந்து, ஒருநாள் அவராகவே எடுத்து நீட்டினார்.

"எதுக்கு பாய் வெச்சிருந்தே?" என்றார் நைனா.

"எவன் கையில குடுத்தாலும் ஒன் கைக்குத்தான் வளைஞ்சு நிக்கும். பேஜார் பிடிச்ச கத்தி. எடுத்துனு போ."

அன்று நைனா குளிக்காமல் வீட்டுக்கு வந்தார். ஷாப்பு வேட்டியோடு நேராக உள்ளே வந்து என் பாயில், பக்கத்தில் உட்கார்ந்தார். மறுநாளும் அப்படியே. அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "அவனே சாப்புடாம கெடக்கிறான், இந்தக் கோலத்துல போயி ஒரசினு குந்துறியே" என்றாள்.

"நீ சும்மா இரு" என்றார் நைனா.

நான் உடனே தேறவில்லை. அவர் உட்கார்ந்ததால் தேறினேன் என்றும் சொல்ல மாட்டேன். அது எதனால் போகிறது என்று எனக்குத் தெரியாது, எதனால் வருகிறது என்று தெரியாதது போலவே. ஆனால் அந்த நாட்களில் யாரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கவில்லை. நைனா எதிர்ச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அது பெரிய இளைப்பாறல்.

வெயில் ஏறத் தொடங்கிய ஒருநாள். அவர் வந்து உட்கார்ந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். ஏதோ ஒன்று மூக்கைக் குத்தியது. சுண்ணாம்பு. பிறகு மீனெண்ணெய். அதற்கும் அடியில், புளித்தது போல, ஆவாரம்பட்டை.

"நைனா, நாறுது."

அம்மா அடுப்பங்கரையிலிருந்து ஓடிவந்தாள், இதற்குத்தானே இவ்வளவு நாள் பயந்தோம் என்று. நைனா அவளைப் பார்த்துக் கையமர்த்தினார்.

"இன்னா சொன்னே?"

"ரொம்ப நாறுது நைனா."

அவர் சிரித்தார். துண்டை எடுத்து முகத்தில் அழுத்திக்கொண்டார். வெகுநேரம் எடுக்கவேயில்லை. அம்மா, "ரெண்டு பேருக்கும் புத்தி கெட்டுப்போச்சு" என்று சொல்லிவிட்டு உலை பார்க்கப் போனாள்.

இன்றைக்கு

என்னைப் பாயில் போட்ட அது போய்விட்டது என்று முடித்துவிட எனக்கும் ஆசைதான். போவதும் வருவதுமாக இருக்கிறது. வேலைக்குத் திரும்பினேன், நன்றாகவும் இருந்தேன், நடுவில் ஒரு தடவை மறுபடி விழுந்தேன், எழுந்தேன். ஊரில் இன்னும் சிலர் என்னைத் திமிர் பிடித்த வாத்தியார் என்கிறார்கள், சிலர் சோம்பேறி என்கிறார்கள். விளக்கிச் சொல்ல என்னிடம் ஒரு பெயர் இல்லை.

நைனாவுக்குப் பெயர் தேவைப்படவில்லை. ஷாப்பிலிருந்து வந்ததும் வாசலிலேயே நின்று கேட்பார்: "நாறுதா?" "நாறுது" என்றால், "அப்போ குளிச்சிட்டு வர்றேன்" என்று கிணற்றடிக்குப் போவார். தெருவில் யாராவது கேட்டால், இது என்ன தகப்பன் மகன் பேச்சு என்று சிரிப்பார்கள்.

இந்த அத்தியாயத்தைச் சில நாட்களாக மெதுவாக எழுதிவருகிறேன். இரண்டு வரிக்கு நடுவில் கை நின்றுபோகிறது. காலையில் அம்மா வைத்த கஞ்சி அப்படியே ஆறிக் கிடக்கிறது.

இப்போது விளக்கு வைத்தாயிற்று. நைனா வந்துவிட்டார். வாசலில் நிற்கிறார். நான் எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார்.

"நாறுதா?"

மூச்சை இழுத்துப் பார்த்தேன். இன்னொரு தடவை இழுத்தேன்.

"இல்ல நைனா."

அவர் கிணற்றடிக்குப் போகவில்லை. உள்ளே வந்து, துண்டை உதறிப் போட்டு, தோளோடு தோள் ஒட்ட என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குப் படிக்கத் தெரியாது. எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டே, "எழுது" என்கிறார்.